சக்கரம் சுற்றும் நேரம்

லாரிக்காரருக்கு வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே கணக்குதான். சக்கரம் சுற்றினால் நேரம், நின்றால் அது நேரமே இல்லை. பஞ்சர் ஒட்டியது, லோடு இறக்க ஆள் வராமல் வண்டிக்கடியில் தூங்கியது, எதுவும் கணக்கில் சேராது. "எட்டு மணி நேரத்துல வந்துடுவேன்" என்று சத்தியமாகச் சொல்வார். மறுநாள் வந்து நிற்பார். கேட்டால், "வண்டி எட்டு மணி நேரந்தானே ஓடுச்சு?" என்று நம்மையே மடக்குவார்.

அப்பேர்ப்பட்டவர் கையில் செல்போன் வேறு. மகள் கடல் கடந்து இருக்கிறாள், நிறைமாதம். பிரசவம் பார்க்க மனைவி போகிறாள். முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக. இவர் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போட்டுத் தேடினார். தூரம் ஒன்பதாயிரம் கிலோமீட்டராம், பறக்கும் நேரம் பதினொரு மணி நேரமாம்.

"பாத்தியா! நம்ம வண்டின்னா பதினஞ்சு நாள் ஆகும்."

"நடுவுல இறங்கி வேற விமானம் மாறணும்னு டிக்கெட் போட்டவர் சொன்னாரேங்க?"

"அது நிக்கிற நேரம். அதை யாரு கணக்குல சேப்பா?"

புறப்படும் நாள் மாலையில் மனைவியை விமான நிலையத்துக்குள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் நின்றபடியே மகளைக் கூப்பிட்டார்.

"அம்மா கெளம்பிட்டா. பதினோரு மணி நேரத்துல அங்க இருப்பா. மாப்பிள்ளையை வந்து நிக்கச் சொல்லு."

விடிந்தது. போன் வரவில்லை. மனைவியின் போன் அணைந்து கிடந்தது. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை, மகளும் எடுக்கவில்லை. பல் துலக்காமல் நடை நடையாக நடந்தார். கடை திறந்ததும் டிக்கெட் போட்டவரைப் பிடித்தார்.

"நடுவுல ஒம்பது மணி நேரம் காத்திருக்கணும்ணே. டிக்கெட்லயே இருக்கே."

மாப்பிள்ளை வந்து பார்த்து, ஆளைக் காணோமென்று திரும்பியிருப்பார். இவள் இறங்கும்போது ஒரு ஈ காக்கை இருக்காது. பாஷை தெரியாது, போனும் அங்கே வேலை செய்யாது. கட்டினவளை நானே நட்டாற்றில் விட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். லோடு இருக்கிறதென்று கூப்பிட்ட புரோக்கரிடம் எரிந்து விழுந்தார்.

மதியம் மகளே கூப்பிட்டாள்.

"என்னப்பா இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க? இங்க இப்பத்தான் விடியுது. போனை சத்தமில்லாம வச்சுட்டுத் தூங்கிட்டோம்."

"அம்மா... மாப்பிள்ளை எங்கம்மா?"

"குளிக்கிறார். இனிமேதான் கெளம்பணும். அம்மா இறங்க இன்னும் நேரம் இருக்கே."

லாரிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்? டிக்கெட்டைப் பாத்தியா?"

"டிக்கெட் எதுக்குப்பா? நீங்க பதினொண்ணுன்னீங்க, நான் ரெண்டால பெருக்கிக்கிட்டேன். சின்ன வயசுல அம்மா சொல்லிக்கொடுத்த கணக்குதானே!" மகள் சிரித்தாள். "அப்பா சொன்ன நேரத்தை ரெண்டால பெருக்கு, அதுக்கு முன்னாடி வாசல்ல போய் உக்காந்து அழாதேன்னு."

இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அழுதியாம்மா?"

"பெருக்கத் தெரியறவரைக்கும் அழுதேம்ப்பா" என்றாள்.