பொறுப்பு ஒரு வருடம்

...ஒரு வருடம் என்று யார் சொன்னது, நான்தான் சொன்னேன், சொன்னதோடு விட்டேனா, ஃபியூஸ் பெட்டிக் கதவின் உள்பக்கம் கறுப்பு மார்க்கரால் எழுதியும் வைத்தேன், வேலைக்கு ஒரு வருடம் பொறுப்பு, கீழே தேதி, அதற்குக் கீழே என் நம்பர், கையெழுத்து என்ற பெயரில் ஒரு கிறுக்கல். முடித்துக் கொடுத்த எல்லா வீட்டிலும் எழுதுவேன், எழுதும்போது ஒரு மிதப்பு இருக்கும், இந்த ஊரில் வேறு எந்த எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுக்கிறான் என்று. பதினோரு வருடம் கழித்து அந்த நம்பரைப் பார்த்து ஒரு பெண் கூப்பிடுவாள் என்று அப்போது நினைத்தேனா... கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன், அவள் தண்ணீர் கேட்பது போலக் கேட்டாள். "நாங்க இந்த வீட்டை வாங்கி மூணு வருஷம் ஆச்சுண்ணா, பெட்டியில உங்க நம்பர் இருந்துச்சு. பெட்ரூம்ல ஒரு சுவர் சுடுது." மேற்குச் சுவரா இருக்கும்மா, வெயில் இறங்கியிருக்கும் என்றேன், வாய் தானாகச் சொன்னது. "அது உள் சுவர்ணா" என்றாள். அதற்கு மேல் பொய் சொல்லத் தெரியவில்லை. வருகிறேன் என்றேன். தவணை முடிந்து பத்து வருடம் ஆகிவிட்டதம்மா என்று ஒரு வார்த்தை போதும், எவனும் என் சட்டையைப் பிடிக்க முடியாது, ஆனால் எந்தச் சுவர் என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டதே.

வண்டியில் போகும்போது அதே நினைப்பு, எத்தனை வருடம்தான் சரி? மிக்ஸிக்கு இரண்டு வருடம் தருகிறார்கள், அது கண் முன்னால் இருக்கிறது, சத்தம் மாறினால் காது கண்டுபிடிக்கும். நான் செய்வதைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறார்கள், அதை யார் பார்ப்பது... என்னோடு வேலை பார்த்த ஒருவன் இருந்தான், மூன்று ஃபேஸ் என்று கூப்பிடுவோம், ஒரே நேரத்தில் மூன்று வீட்டு வேலையை ஒப்புக்கொள்வான், அவன் ஆயுள் முழுக்கக் கேரண்டி கொடுப்பான். யாருடைய ஆயுள் என்று யாரும் கேட்டதில்லை. நான் கேட்டுச் சிரித்திருக்கிறேன். உங்களுக்கு எத்தனை வருஷம் எழுதிக் கொடுத்தாங்க என்று என் மனைவி கூடக் கேட்பாள், ஒரு வருஷந்தான், அதுக்கு மேல ஓடுறது உன் யோகம் என்பேன். இன்று அந்தச் சிரிப்பு எதுவும் வரவில்லை. பதினோரு வருடமாக அந்த வீட்டுத் தெரு வழியாக நான் போனதில்லை என்பது சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது, குறுக்கு வழி அதுதான், இருந்தும் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறேன், கால் அறிந்ததை மனதுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அன்றைக்கு வயர் ஒரு முழம் குறைந்துவிட்டது. பாத்ரூம் ஹீட்டருக்குப் போகிற லைன், பெட்ரூம் சுவர் வழியாகப் போக வேண்டும், பூச்சு வேலைக்காரர் கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு, இன்னுமா இன்னுமா என்று நிற்கிறார், கடைக்குப் போய் வந்தால் கலவை இறுகிவிடும், அவர் வாய் இறுகாது. துண்டு வயரை எடுத்து ஒட்டுப்போட்டேன், பெட்டிக்குள் இல்லை, பைப்புக்குள். செய்யக்கூடாது. தொழில் கற்றுக்கொண்ட முதல் வாரமே தெரிந்தது, சுவருக்குள் ஜாயிண்ட் வரக்கூடாது. உள்ளே தள்ளினேன், அவர் பூசினார், பத்து நிமிடத்தில் வழவழவென்று ஒரு சுவர், அதன் மேல் என்னால் ஒரு குற்றமும் காண முடியவில்லை. சுவிட்ச் போர்டிலிருந்து இடப்பக்கம் இரண்டு சாண், தோள் உயரம். கண்ணை மூடினாலும் விரல் வைப்பேன்.

வீட்டில் எல்லாம் வேறு நிறமாக இருந்தது, சுவர் மட்டும் அதே சுவர். அந்தப் பெண் முன்னால் நடந்தாள், கட்டில் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது, அதில் ஆறேழு வயதுப் பெண் குழந்தை ஒன்று காலை மடக்கி உட்கார்ந்து என்னை வேவு பார்த்தது. தலையணைக்கு நேர் மேலே, குழந்தையின் கன்னம் படுகிற உயரத்தில், மடித்த ஈரக் கைக்குட்டை ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இவதான் முதல்ல சொன்னாண்ணா. சுவருக்குக் காய்ச்சல், இதமா இருக்குன்னு ஒட்டிக்கிட்டே தூங்குவா. நானும் விளையாட்டுன்னு விட்டுட்டேன். இப்போ துணி நனைச்சுப் போட ஆரம்பிச்சுட்டா." எத்தனை நாளா? "மழைக்கு முன்னாடியே" என்று குழந்தை சொன்னது. நான் கைக்குட்டையைத் தொடவில்லை, முதலில் மெயினை ஆஃப் செய்தேன், ஃபியூஸ் பெட்டிக் கதவை முழுசாகத் திறக்காமல், என் எழுத்தைப் பார்க்காமல். பிறகு வந்து கைக்குட்டையை எடுத்துவிட்டுப் புறங்கையை வைத்தேன். சுவர் சூடாக இருந்தது, கல்லின் சூடு இல்லை, ஒரு உடம்பின் சூடு, அதுவும் உள்ளேயிருந்து வருவது, கைக்குட்டைக்கு அடியில் பெயிண்ட் பொங்கிக் கொப்புளம் போட்டிருந்தது. என் பிள்ளைகளின் நெற்றியில் இப்படித்தான் புறங்கை வைத்திருக்கிறேன். பயமாக இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"ஷார்ட் சர்க்யூட்னா தானா ஆஃப் ஆகிடும்னு சொன்னாங்களே?" என்றாள். ஷார்ட்டுக்கு ஆகும்மா, லூஸ் ஜாயிண்ட்டுக்கு ஆகாது, அது பாட்டுக்குச் சுடும், பெட்டிக்குத் தெரியாது. "அப்போ இது உங்க வேலையா, இல்ல நடுவுல யாராவது கை வெச்சதா?" அவள் குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன், கோழை. நடுவில் யாராவது... ஏன் இருக்கக்கூடாது, எட்டு வருடம் இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது. குழந்தையை இறக்கிக் கட்டிலை நகர்த்திவிட்டு உளியை எடுத்தேன், கைக்குட்டை இருந்த இடத்தை விட்டுவிட்டுத் தோள் உயரத்தில் வைத்தேன், கை சொன்னதை நம்பவில்லை பாருங்கள், ஞாபகத்தை நம்பினேன், செம்பு சூட்டைக் கடத்தும், கீழே சுட்டாலும் நோய் மேலேதான் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். காரை உதிர்ந்தது, பைப்பை அறுத்தேன், ஜாயிண்ட் அங்கேயே இருந்தது, சரியாக என் விரல் சொன்ன இடத்தில். டேப்பைப் பிரித்தேன். உள்ளே செம்பு புதுசாக மின்னியது. ஏழு முறுக்கு, நெருக்கமாக, மேலே மூன்று சுற்று டேப், பதினோரு வருடத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை. தப்பு செய்கிறோம் என்ற பயத்தில் அவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறேன். ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் சிரிப்பே வந்தது, இத்தனை வருடம் தெருவைச் சுற்றிக்கொண்டு போனது இதற்கா. "இதுதானா?" என்றாள் அவள். இதில்லைம்மா, இது நல்லா இருக்கு.

பிறகு கீழே, கொப்புளத்தில் உளியை வைத்தேன், தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, பூச்சு தானாகக் கழன்றது, கருகிய ரப்பர் வாசம் அறையில் ஏறியது. பைப் உருகி வளைந்து கிடந்தது. அதற்குள் இன்னொரு ஜாயிண்ட். எனக்கு இப்படி ஒன்றைப் போட்ட ஞாபகமே இல்லை. இரண்டே முறுக்கு, போகிற போக்கில் திருகி விட்டது, வேறு யாரோ ஒருவனின் கைவேலை, கண்டிப்பாக வேறு ஒருவன், அவனை மனதில் திட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன், மனசாட்சி இல்லாதவன், குழந்தை படுக்கிற இடம்... டேப்பின் நுனி மடித்திருந்தது. பிரிக்க எளிதாக இருக்கட்டும் என்று நுனியைச் சின்ன முக்கோணமாக மடித்து விடுவது என் வழக்கம், நான் பார்த்தவரை யாரும் அப்படிச் செய்வதில்லை, யாருக்கும் நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. கருகிப்போன முக்கோணம் விரல் பட்டதும் உதிர்ந்தது. அதை எப்போது செய்தேன், மேலே போட்ட ஒட்டுக்கு முன்னாலா பின்னாலா, அப்போது என்ன யோசித்துக்கொண்டிருந்தேன், பூச்சு வேலைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேனா, எவ்வளவு துழாவினாலும் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வழவழவென்று பூசிய சுவர்தான் இருக்கிறது.

"என் வேலைதாம்மா" என்றேன். சொன்ன பிறகு மூச்சு கொஞ்சம் இறங்கியது. முழு லைனையும் உருவிப் புதுசு போட்டுத் தருகிறேன், அது வரைக்கும் மெயினைப் போடாதீர்கள் என்றேன். அவள் தலையாட்டினாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை, சுவரையும் குழந்தையின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. குழந்தை ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது சரியாயிடுச்சா மாமா?" என்றது. ஆயிடும் கண்ணு. "அப்போ மத்ததையும் பாருங்க. கிச்சன்ல இருக்கிறதுக்குக் காய்ச்சல் கம்மி. மாடிப்படிக்குக் கீழ இருக்கிறதுக்கு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு." அவள் அம்மா நிமிர்ந்து பார்த்தாள், அவளுக்கும் இது புதிது. குழந்தையின் கன்னம் எட்டுகிற உயரம், பெரியவர்கள் யாரும் கை வைக்காத உயரம் அது. குழந்தை என் சுண்டு விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தது, வழி நன்றாகத் தெரிந்த நடை. நான் பின்னால் போனேன், இந்த வீட்டுக்கு அப்புறம் எத்தனை வீடு, நாற்பதா, அறுபதா, ஒவ்வொன்றாக, அறை அறையாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன், ஞாபகத்துக்கு வந்த வேலை எல்லாம் நல்ல வேலையாகவே இருந்தது.