டிரம் ஆறட்டும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் எழுத்து வேலைக்கும் ஒத்துவராது. ஓர் ஆபீஸ் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து, கிரீஸ் பிடித்த கட்டைவிரலால் சின்னவன் போனில் இரண்டு வரி அடிப்பதற்குள் டீ ஆறிப்போய்விட்டது.

'கோடை லீவுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுப் பின்பக்கம் பார்பெக்யூ போடுறோம். எல்லாரும் குடும்பத்தோட வந்துடுங்க.'

சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரையும் ஒரே குழுவில் போட்டு அனுப்பினான். இதற்கு முன் இது அவன் வேலையாக இருந்ததில்லை. அண்ணன்தான் கூப்பிடுவான். பெரியவன் வெல்டர். மெசேஜ் கிசேஜ் எல்லாம் அவனுக்கு ஆகாது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "நம்ம வீட்டுல ஞாயித்துக்கிழமை அடுப்பு. வரலைன்னா வந்து தூக்கிட்டு வந்துடுவேன்" என்று கத்துவான். எண்ணெய் டிரம்மை நெடுக்காக வெட்டி, காலும் கைப்பிடியும் பற்றவைத்து அவனே செய்த அடுப்பு. போன கோடையில் அது எரியவில்லை. கோடை பிறப்பதற்கு முன்பே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பெரியவன் எழுந்திருக்கவில்லை.

பதில்கள் வந்து விழுந்தன. கட்டைவிரல், கைகூப்பு, கோழிக்கால். அண்ணியிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை. படித்துவிட்டாள் என்று போன் சொன்னது. சின்னவனுக்கு வேண்டியிருந்ததே அந்த ஒரு பதில்தான். அண்ணன் போன பிறகு தனியாகக் குடிபோனதிலிருந்து அவள் இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. அவள் வராவிட்டால் அது வெறும் கறி.

மறுநாள் காலையில் அத்தை கூப்பிட்டாள்.

"ஏன்டா, அந்த மெசேஜ எழுதினது நீயா, உன் பொண்டாட்டியா?"

"நான்தான் அத்தை. ஏன், எழுத்துப் பிழையா?"

"பிழையெல்லாம் இல்ல, சுத்தமா எழுதியிருக்க. 'எங்க வீடு'. கல்யாணமாகி வந்த நாள்லருந்து அவ பெருக்கித் துடைச்ச வீடுடா அது. அவளையே 'எங்க வீட்டுக்கு வாங்க'ன்னு கூப்பிட்டிருக்க. 'நம்ம'ன்னு எழுதினா விரல் தேஞ்சிடுமா?"

"அத்தை, அது எல்லாருக்கும் பொதுவா அனுப்பினது."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஊருக்கெல்லாம் அனுப்பினதை அவளுக்கும் அனுப்பினியே."

சின்னவன் உடனே இன்னொரு மெசேஜ் போட்டான். 'எங்க வீடு இல்ல, நம்ம வீடு. தப்பா எழுதிட்டேன்.' குழுவில் இருந்த அவன் ஃபோர்மேன் சும்மா இருப்பானா? 'நம்ம வீடா? அப்போ மாடி ரூம் எனக்கு. சாவி எப்போ தர்றே?' என்று கேட்டிருந்தான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். மாடி அறை அண்ணனும் அண்ணியும் இருந்த அறை. இப்போது அங்கே துணி காய்கிறது.

அவன் மனைவி வெங்காயம் நறுக்கியபடியே படித்தாள்.

"இப்படி ஊரறியக் காட்டணுமா? நான் ஒண்ணும் அவங்களைப் போகச் சொல்லல."

"இருங்கன்னும் சொல்லல."

"நீங்க சொன்னீங்களா? பெட்டியை முதல்ல தூக்கினது யாரு?"

அவள் சொன்னது சரி. "தனியா ஒரு ரூம் பாத்திருக்கேன்" என்று அண்ணி சொன்னபோது, "வேன் என்னைக்கு வேணும்?" என்றுதான் அவன் கேட்டான். உதவி செய்வதாக நினைப்பு. விறுவிறுவென்று எல்லாவற்றையும் இறக்கினான். கடைசிப் பெட்டியோடு அவன் வந்தபோது அண்ணி வழியை மறித்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். களைப்பு என்று நினைத்து, "கொஞ்சம் தள்ளிக்குங்க அண்ணி" என்றான்.

அண்ணி ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மதியம் அவன் அங்கே போனான். ஆவி மூட்டத்துக்கு நடுவே அவள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"மெசேஜ் பாத்தீங்களா அண்ணி?"

"ரெண்டையும் பாத்தேன்."

"அது யோசிக்காம எழுதிட்டேன்."

"யோசிக்காம எழுதினதுதானேடா மனசுல இருக்கிறது. சும்மா நிக்காம அந்த முனையைப் பிடி."

பிடித்தான். இருவரும் உதறினார்கள். அவன் முனைகளைச் சேர்த்துக்கொண்டு கிட்டே வந்தபோது அண்ணி அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"வர்றேன். ஆனா போகும்போது டிரம்மை எடுத்துட்டுப் போயிடுவேன். அது அவர் கைபட்டது. வேனை நீயே ஓட்டு. உனக்குப் பழக்கம்தானே."

"சரி அண்ணி" என்றான். தெருவுக்கு வந்த பிறகுதான், மறுபடியும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டோம் என்று உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. அண்ணி மணி அடித்தாள். கையில் ஒரு பை ஆப்பிள், விருந்தாளிகள் கொண்டுவருவது போல. வீட்டுக்குள் நுழையாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போய், பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உள்ள வாங்கக்கா, ஃபேன் போடுறேன்" என்றாள் அவன் மனைவி.

"வேணாம்மா. இங்கயே காத்து வருது."

காற்று இல்லை. புகைதான் இருந்தது. சின்னவனுக்கு அடுப்பு வசப்படவில்லை. கோழி வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தது. "லிஃப்ட் மாதிரி இதுவும் பாதியில நிக்குதே" என்று ஃபோர்மேன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் எழுந்து வந்து கம்பியைத் தொடவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள், நல்லா இருக்கு என்றாள். அவனுக்கு அவள் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வெயில் தணிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பின்பக்கம் காலியானது. அண்ணி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"தூக்கலாமாடா?"

"டிரம் கொதிக்குது அண்ணி. ஆறட்டும்."

"சரி, ஆறட்டும்." மறுபடியும் உட்கார்ந்தாள்.

சின்னவன் கரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளித் தணலில் போட்டான். சற்றுக் கழித்து இன்னொரு பிடி. அவன் மனைவி பாத்திரத்தோடு வெளியே வந்து பார்த்தாள்.

"எல்லாரும் போயாச்சு. இன்னும் யாருக்குச் சுடுறீங்க?"

அவள் அண்ணியைப் பார்த்தாள், கரி மூட்டையைப் பார்த்தாள், உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மிச்சமிருந்த சோளக்கதிர்கள். அவற்றைக் கம்பிமேல் அடுக்கிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது பிடி விழுந்தபோது அண்ணி சொன்னாள்:

"டேய், கரியை அள்ளி அள்ளிப் போட்டா எப்படிடா ஆறும்?"

"ஆறாது அண்ணி."

அண்ணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"பெட்டி தூக்கின அன்னைக்கே பண்ணியிருக்கணும்டா இதை."

"ஆமா அண்ணி."

"மூட்டையில எவ்வளவு இருக்கு?"

"பாதிக்குக் கொஞ்சம் கம்மி."

"அதுவும் தீந்துடும்."

"தீரட்டும். அப்புறம் தூக்குறேன்."

தணலில் ஒரு கரித்துண்டு வெடித்துப் பொறி பறந்தது. அண்ணி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"சோளத்தைத் திருப்பு, கருகுது."

திருப்பினான். அவள் எழுந்து போகவில்லை. கைப்பையை மடியிலிருந்து இறக்கவும் இல்லை.