கை ஆட்டக் கூடாத வீடு

குழந்தையின் கவுன்களை மாமியார் அலமாரியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக உதறி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். டிவியில் கொடி பறந்துகொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில், சரியாக ஆறு மணிக்கு, நாட்டின் தலைவர் பேசுவார் என்று கீழே எழுத்து ஓடியது. யாரைக் கேட்டு என் பிள்ளையின் துணியைத் தொடுகிறீர்கள் என்று சண்டைக்கு வர வேண்டியவள், கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் இல்லை. கூப்பிட்டாலும் திரும்பாதவளுக்குப் பெயர் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, அந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. வேண்டுமென்றால் மாமியார் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவாள். அதிர்வு உள்ளங்காலில் தெரியும். அவள் திரும்பிப் பார்ப்பாள். ஐந்து வருடமாக இதுதான் அழைப்பு.

பகலில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. இயந்திரச் சத்தம் காதைப் பிளக்கும் இடம். "அங்க வேலை செய்யுற எல்லாருக்கும் பத்து வருஷத்துல காது போயிடும். நம்ம மருமகளுக்குப் போறதுக்கு என்ன இருக்கு?" என்று மாமனார் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். அவளும் பக்கத்தில் நின்று, எதற்கென்று தெரிந்தும் தெரியாதவள் போல, டம்ளர்களை எடுத்துக்கொண்டு போவாள். முகத்துக்கு நேராகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதிக்கு மேல் புரிந்துகொள்வாள். அதிலும் மாமியாரின் உதடு தெளிவானது. திட்டும்போது நிறுத்தி நிதானமாகத் திட்டுகிற பழக்கம் அவளுக்கு.

காது கேளாதோர் பள்ளியில் பத்து வருடம் அவள் கையால்தான் பேசினாள். கையால் சண்டை போட்டாள், கதை அளந்தாள், வாத்தியார்களைப் போல நடித்துக் காட்டினாள். அங்கே அவளுக்கு வைத்த பட்டப்பெயர் வாயாடி. அந்த வாயாடி கல்யாணமாகி வந்த முதல் வாரமே, கணவனிடம் கையால் ஏதோ கேட்டுக்கொண்டிருந்ததை எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்து அதேபோல் செய்து காட்டிச் சிரித்தார்கள். அன்றைக்கே மாமியார் சட்டம் போட்டுவிட்டாள். வீட்டுக்குள் கை ஆட்டக் கூடாது. ஏதாவது வேண்டுமென்றால் விரலால் சுட்டிக் காட்டினால் போதும். குழந்தை பிறந்த பிறகு சட்டம் இன்னும் இறுகியது. கையைப் பார்த்து வளர்ந்தால் பிள்ளைக்கு வாய் திறக்காதாம்.

பிள்ளைக்கு நாலு வயது. வாய் மூடாமல் பேசியது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததால் தாயும் மகளும் பிழைத்தார்கள். சோப்பு நுரை வழியும் கைகளோடு அங்கேதான் இருவரும் பேசிக்கொண்டார்கள். காதும் காதும் வைத்தாற்போல் என்பார்களே, இவர்கள் விஷயத்தில் அது கையும் கையும் வைத்தாற்போல் நடந்தது. கதவைத் திறந்து வெளியே வந்ததும் தாயின் கை மடிக்குப் போய்விடும், மகள் வாயால் பாட ஆரம்பித்துவிடுவாள்.

எல்லையில் சண்டை தொடங்கி இருபது நாளாகிவிட்டது. முதல் வாரம் சைரன் ஊதினால் தெருவே தலைதெறிக்க ஓடியது. இப்போது கையிலிருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்கள். மாலை ஆறரைக்கு ஊர் முழுவதும் கரண்டை நிறுத்தினார்கள், அதற்கும் பழகிவிட்டார்கள். செத்தவர்களின் எண்ணிக்கையை டிவியில் சொல்லும்போது யாரோ ஒருவர் "ம்" என்பார், அவ்வளவுதான்.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து நாத்தனார் வந்து மூன்று நாள் ஆகிறது. கணவனுக்கு அக்கா. கல்யாணமாகி ஒன்பது வருடமாகக் குழந்தை இல்லை. கெட்டவள் என்று சொல்ல முடியாது. குழந்தையைத் தூக்கினால் இறக்க மனம் வராதவள்.

"சைரன் அடிச்சா இவளுக்குக் கேக்குமா? நீங்க எல்லாம் வெளிய போன நேரத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பிள்ளைய யாரு தூக்குவா? நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் வந்த அன்றைக்கு.

கேட்டால் நியாயமாகத்தான் பட்டது. சைரன் ஊதும்போது கட்டிலின் இரும்புக் கால் நடுங்கும் என்பதையும், ஜன்னல் கண்ணாடியில் விரல் வைத்தால் அது விரலுக்குள் ஏறும் என்பதையும் முதல் நாளே கண்டுபிடித்து வைத்திருந்தாள் தாய்க்காரி. அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே மாமியார் நாத்தனாரிடம் சொன்னதை அவள் உதட்டிலிருந்து படித்தாள். "சண்டை முடிஞ்சாலும் அனுப்ப வேணாம்டி. அங்கயே ஸ்கூல்ல சேத்துடு. பேசுற வீட்டுல வளரட்டும்."

கணவனும் அங்கேதான் இருந்தான். மாவு மில்லில் மூட்டைகளை எடை போடுகிறவன். வீட்டில் எதையும் எடை போட்டுப் பார்க்கிற வழக்கம் அவனுக்கு இல்லை, தலையை ஆட்டினான். நாளைக் காலை ஆறு மணி பஸ் என்று இன்றைக்குத்தான் முடிவானது.

டிவியில் தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பின்னால் புத்தக அலமாரி. திரையின் ஓரத்தில் சின்ன வட்டத்துக்குள் கறுப்பு உடுப்பு போட்ட ஒரு பெண் நின்று, அவர் பேசப் பேசக் கையால் சொன்னாள்.

"அந்த வட்டத்துக்குள்ள ஒருத்தி ஈ ஓட்டுறா பாரு" என்றார் மாமனார். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குழந்தை டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தது. கண் கெட்டுப்போகும் என்று இரண்டு தடவை பின்னால் இழுத்துப் போட்டார்கள். இரண்டு தடவையும் தவழ்ந்து பழைய இடத்துக்கே போய்விட்டது.

தலைவர் முன்னோர்களின் தியாகத்தில் ஆரம்பித்தார். பிறகு வீரர்களின் தாய்மார்களுக்கு வந்தார். பிறகு, "இந்த நாட்டின் ஒவ்வொரு குரலும் என் காதில் விழுகிறது" என்றார். வட்டத்துப் பெண் அதையும் ஒரு குறை வைக்காமல் கையால் சொன்னாள்.

"இப்பப் பாரு, நாளைலேருந்து அரிசிக்கு க்யூம்பான்" என்றார் மாமனார்.

"அரிசிய விடுங்க. வயசுப் பசங்கள எல்லாம் கூப்பிடுவாங்களாம். பால்காரர் சொன்னார்" என்றாள் மாமியார். மகனைப் பார்த்தாள். "உன்னக் கூப்பிட்டா என்னடா செய்வ?"

"எனக்கு முப்பத்தஞ்சு ஆச்சும்மா."

"முப்பத்தஞ்சு எல்லாம் அவங்களுக்கு ஒரு வயசா?"

"சும்மா இருடி, அந்தாளு என்னமோ சொல்றாரு, கேக்க விடு" என்று மாமனார் அதட்டினார். அதட்டிவிட்டு அவரே, போன சண்டையில் இப்படித்தான் ஒரு தலைவர் பேசினார், அப்போது ஒரு மூட்டை உப்பு வாங்கி வைத்தேன், நீங்கள் எல்லாம் என்னைக் கேலி செய்தீர்கள் என்று தொடங்கிவிட்டார். மாமியார் உப்பு கரைந்துபோன கதையை எடுத்தாள். நாத்தனாரின் போன் அடித்தது. "சரியாக் கேக்கல, கேக்கல" என்று கத்திக்கொண்டே எழுந்தாள். மாடி வீட்டிலும் இதே கூச்சல், எதிர்வீட்டிலும் இதே கூச்சல். தலைவர் சொல்ல வந்த விஷயத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது, அவர் என்ன சொல்வார் என்பதைப் பற்றித் தெரு முழுவதும் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தது.

அவள் மட்டும் கண் சிமிட்டாமல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்தில் அந்த வீட்டுக்குள் அவளுக்குப் புரியும்படி ஒரு பெரிய மனுஷி இத்தனை நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

வட்டத்துப் பெண் இரண்டு கைகளையும் வளைத்துப் பாலம் காட்டினாள். குறுக்கே வெட்டினாள். ஏழு. இன்று. மறு உத்தரவு வரும்வரை யாரும் ஆற்றைத் தாண்டக் கூடாது. கடைசி பஸ் ஆறே முக்காலுக்கு. அதன் பிறகு கிடையாது. கிடையாது என்பதை அவள் இரண்டு முறை சொன்னாள்.

தலைவர் கும்பிட்டார். கொடி வந்தது. அடியில் எழுத்து ஓட ஆரம்பித்த நேரத்தில் கரண்ட் போயிற்று. மணி ஆறரை.

"என்ன சொன்னாரு கடைசில?" என்று கேட்டாள் நாத்தனார். போனைக் காதிலும் கண்ணிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். டவர் இல்லை.

"பாலத்தப் பத்தி என்னமோ சொன்னாரு" என்றான் கணவன்.

"மூடப் போறாங்களா? எப்போ?"

யாருக்கும் தெரியவில்லை. மாமனார் வாசலுக்குப் போனார். தெரு முழுக்க வாசலில் நின்றது. எதிர்க்கடைத் தையல்காரர் நாளை ராத்திரி என்றார். மாடி வீட்டுக்காரர் மூன்று நாள் கழித்து என்றார், அதுவும் லாரிகளுக்கு மட்டுமாம். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் இன்றைக்கே, ஏழு மணிக்கு என்றார். ஆனால் மாமனாருக்கும் வாத்தியாருக்கும் சாக்கடைத் தகராறில் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வாத்தியார் தையல்காரரிடம் சொன்னது காதில் விழுந்தும், "அந்தாளுக்கு எப்பவுமே எல்லாம் இன்னைக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இப்பவே கெளம்பிடறேம்ப்பா. ஆறே முக்கா பஸ் ஒண்ணு இருக்கு" என்றாள் நாத்தனார்.

"வெளக்கு இல்லாத பாலத்துல, இருட்டுல, சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டா? மேல விமானம் சுத்துது. பாலத்தத்தான் மொதல்ல குறி வைப்பான். நாளைக்கும் பஸ் உண்டுன்னா எதுக்கு இந்த ஆட்டம்?" என்றார் மாமனார்.

கணவன் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தான். "அவ பாத்துக்கிட்டே இருந்தாம்மா. அந்த வட்டத்துல வந்தவ இவளுக்குப் புரியுற மாதிரிதான சொல்லியிருப்பா?"

அந்த எண்ணம் யாருக்கும் அதுவரை வரவில்லை. மாமியார் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள். அவள் திரும்பினாள். ஜன்னல் வெளிச்சம் இன்னும் இருந்தது, எல்லார் உதடும் தெரிந்தது.

"பாலம் எப்போ மூடறாங்க?" மாமியார் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். "அவ சொன்னாள்ல? எப்போ?"

அவள் பார்த்தாள்.

"சொல்லு. பரவால்ல, கைய ஆட்டியே சொல்லு." கல்யாணமான ஐந்து வருடத்தில் முதல் முறையாக அனுமதி வந்தது.

சுவரில் மணி ஆறு முப்பத்தெட்டு. பஸ் நிலையத்துக்கு வேகமாக நடந்தால் ஐந்து நிமிடம். சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. ஏழு விரலை விரித்தால் போதும். விரித்தால் நாத்தனார் குழந்தையை ஒரு கையிலும் பையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு ஓடுவாள். பையின் ஜிப் ஏற்கெனவே மூடியிருந்தது. குழந்தையின் செருப்பு அதன் மேல் இருந்தது.

அவள் இடது கை மேல் வலது கையை வைத்தாள். அந்த வீடு அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அது. அதைச் சரியாகச் செய்தாள். பயமோ கோபமோ எதுவும் அவளுக்கு வரவில்லை. மரத்துப்போன காலைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது மனசு.

கணவன் கொஞ்ச நேரம் அவள் கைகளையே பார்த்தான். பிறகு பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனான்.

"இதுகிட்டப் போய்க் கேட்டோமே, நம்மளச் சொல்லணும்" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்கு என்ன புரியும்?"

"குட்டிம்மா, உனக்காச்சும் தெரியுமா? தலைவர் மாமா என்ன சொன்னாரு?" என்று நாத்தனார் விளையாட்டாகக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

குழந்தை கவுன் விளிம்பைக் கடித்துக்கொண்டே, "தெரியாது" என்றது.

"சரி, காலைல போய்க்கலாம்" என்று மாமனார் முடித்துவைத்தார்.

ஏழு மணிக்குச் சைரன் ஊதியது. எல்லாரும் எழுந்து, அவசரமில்லாமல், ஜன்னல் இல்லாத நடுக்கூடத்துக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். மாமனார் டார்ச்சைத் தரையில் நிறுத்தினார். தெருவில் ஒலிபெருக்கி வைத்த வண்டி ஒன்று மெதுவாகப் போயிற்று. பாலம் மூடப்பட்டது, பாலம் மூடப்பட்டது என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே தெரு முனையில் திரும்பியது.

நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அக்கரையில் வீடு, அக்கரையில் புருஷன். "வாத்தியார் சொன்னாரேப்பா" என்றாள். மாமனார் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை அத்தையின் மடியிலிருந்து இறங்கி வந்து தாயின் முழங்காலைத் தட்டியது. டார்ச் வெளிச்சத்தில் நின்று, தலைக்கு மேல் கையைச் சுழற்றியது. சைரன் அடிக்குது. தெரியும் என்று தாய் தலையசைத்தாள். பிறகு குழந்தை சின்ன விரல்களால், குளியலறையில் பேசுகிற அதே வேகத்தில் சொன்னது. பஸ் போயிடுச்சு. நானும் பாத்தேன். நான் சொல்லல.

நடுக்கூடத்தில் நாலு பேர் அதைப் பார்த்தார்கள். தலைவர் பேசும்போது அவர்கள் கவனிக்காமல் விட்டது டிவியை மட்டுமல்ல, அதன் முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தையையும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. யாருக்கும் கத்தத் தெம்பு இல்லை.

தாயின் கைகள் மடியிலிருந்து எழுந்தன. சுவரில் அவற்றின் நிழல் கூரை வரை போயிற்று. பசிக்குதா என்று கேட்டாள். ஆமாம் என்றது குழந்தை. என்ன வேணும் என்று கேட்டாள். குழந்தை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தது. அது ஒரு நீளமான பட்டியல்.

மாமியார் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

உள்ளங்காலில் தெரிந்தது. அவள் திரும்பவில்லை.