உட்கார்ந்தே விற்கிறவள்

எங்கள் முதலாளி பகவதிப்பெருமாளுக்கு இடுப்பு வலித்தால் அது வலி. எங்களுக்கு வலித்தால் அது சோம்பேறித்தனம். சாலைக் கடைத்தெருவில் அவருடைய புடவைக்கடையில் என் மகள் பிறக்கும் முன்பிருந்தே நிற்கிறேன். இந்த ஞானத்தையும் நின்றேதான் பெற்றேன். அவருக்குச் சுழல் நாற்காலி, முதுகுக்குத் தலையணை, இடுப்புக்கு பெல்ட், மத்தியானம் வெந்நீர்ப் பை. போதாக்குறைக்கு வாராவாரம் எண்ணெய் தேய்த்து உழிச்சல் வேறு. பாவம், மனுஷனுக்கு என்ன கஷ்டமோ!

கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் உட்காரலாம் என்று கேரளத்தில் சட்டம் வந்ததும், பெரிய மனசு பண்ணி கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார். மறுநாளே ஒவ்வொரு ஸ்டூலிலும் ஒரு புடவைக் கட்டு ஏறி உட்கார்ந்துகொண்டது. கட்டுக்குக் கால் வலிக்கும் அல்லவா?

"வாங்க வர்றவங்க நிக்கும்போது நீங்க உக்காந்திருந்தா லட்சணமாவா இருக்கும்?" என்பார்.

வலிக்கிறது என்று அவரிடம் வாய்விட்டுச் சொன்னவள் ஸ்ரீப்ரியா ஒருத்திதான். "ஒடம்புக்கு முடியலேன்னா வீட்ல இருந்து நல்லா ரெஸ்ட் எடும்மா" என்று தேன் ஒழுகச் சொல்லி அனுப்பினார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. அதனால் நான் மூச்சு விடவில்லை. முதுகில் கிளம்பி இடதுகால் பெருவிரல் வரை சுண்டி இழுக்கும்போதும், பல்லைக் கடித்துக்கொண்டு புடவையை விரித்து, "ஒங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்று இளிப்பேன். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த வேலையும் போனால் பாறசாலையில் என் வீட்டு அடுப்பு எரியாது.

ஓணக் கூட்டம் நெரியும் ஒருநாள், லேபர் ஆபீசர் வருகிறார் என்று பக்கத்துக் கடையிலிருந்து போன் வந்தது. முதலாளி பாய்ந்து வந்தார், அந்த இடுப்போடு! கட்டுகளை அவரே தூக்கி உள்ளே எறிந்தார்.

"உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க! லீலாபாய், நீ முன்னால உக்காரு!"

உட்கார்ந்தேன். கர்த்தாவே, என்ன சுகம்!

ஆபீசர் வந்தார், ஸ்டூல்களைப் பார்த்தார். தினமும் இப்படித்தான் உட்கார விடுகிறீர்களா என்று மலையாளத்தில் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"எந்தா சாரே, இப்படிக் கேக்கறீங்க! இந்த லீலாபாய் நாள் முழுக்க உக்காந்தேதான் யாவாரம் பண்றா. கடையிலயே ஜாஸ்தி விக்கிறதும் இவதான்."

கடை நிறைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜாஸ்தி விற்பது நான்தான் என்பது மட்டும் நிஜம்.

ஆபீசரின் ஜீப் நகர்ந்ததும் முதலாளியின் பல் உள்ளே போனது. "போதும், எந்திரிங்க. லீலாபாய், மேல்தட்டுல அந்தப் பச்சையை எடு."

மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். நான் எழவில்லை.

"என்ன, காது கேக்கலியா?"

"கேக்குது மொதலாளி. நான் உக்காந்தேதான் விப்பேன்னு இப்பந்தான் ஆபீசர்கிட்ட சொன்னீங்க. இவங்க எல்லாரும் கேட்டாவல்லா?"

எதிரே புடவை பார்த்துக்கொண்டிருந்த டீச்சரம்மா, "அதே, ஞானும் கேட்டல்லோ" என்று சிரித்தார். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, எட்டி, தானே பச்சைப் புடவையை எடுத்து என் முன்னால் போட்டுவிட்டு நாற்காலிக்குப் போனார். டீச்சரம்மா அதையே வாங்கிக்கொண்டு போனார்.

கூட்டம் விலகியதும், கூட வேலை பார்க்கும் சுமி ஓடி வந்தாள். பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சேச்சி, பொளிச்சு! மொதலாளி வாயையே அடைச்சிட்டீங்க! நாளைக்கு நானும் எழும்ப மாட்டேன்."

"சத்தம் போடாத மக்ளே," என்றேன். "அவரு பாக்காத நேரமா பாத்து எனக்கு ஒரு கை குடு. அப்பவே இடுப்பு பிடிச்சிட்டு. என்னால எழும்ப முடியல்ல."