ஒலியை அணைத்துப் பார்த்த காட்சி

"வீட்டுல நீ பேசுறதெல்லாம் சீரியல்ல வந்துடும், பரவாயில்லையா?" என்று கல்யாணத்துக்கு முன்பு அவர் கேட்டிருந்தார்.

"வரட்டுமே. எனக்கு மட்டும் நல்ல அழகான நடிகையாப் பாத்துப் போடுங்க," என்று அவள் சிரித்திருந்தாள்.

அப்படிச் சிரித்துத் தொலைத்ததால்தான் இத்தனை வருஷமாக வாயைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மாமியாரோடு போட்ட சண்டை சீரியலில் வந்தது. கர்ப்பம் கலைந்த அன்று ஆஸ்பத்திரியில் அவள் அரற்றியதும் வார்த்தை மாறாமல் வந்தது. அன்றைக்கே கட்டிலில் கிடந்தபடி அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ள நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். டிவியில் பெண் பிள்ளைகளை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஆராய்கிற பேராசிரியை, கணவர் வசனம் எழுதும் சீரியலை மட்டும் தொடாமலே இருந்தாள். "வீட்டுக்காரருக்குச் சலுகையா?" என்று துறைத் தலைவர் கிண்டலடித்த பிறகுதான் இன்று அதை எடுத்தாள்.

எதையும் முதலில் ஒலியை அணைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். யாரைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்ட பிறகுதான் வசனம்.

திரையில் ஒரு சிறுமி அப்பாவிடம் ஏதோ சொல்லியபடி மேலுதட்டைத் தடவுகிறாள். அண்ணன்காரன் கதவோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். சிறுமியின் முகம் போன கோணலில் இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. 'நகைச்சுவை' என்று குறித்துவிட்டு ஒலியைக் கூட்டினாள்.

"க்ளாஸ்ல எல்லாரும் என்னை மீசைன்னு கூப்பிடுறாங்கப்பா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, உக்கார வெச்சுப் பாடம் எடுப்பாங்க."

காட்சியை அங்கேயே நிறுத்தினாள். சில நாளாகவே மகள் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள். இன்று பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று படுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மீசை விஷயம் அவ உங்ககிட்ட மட்டும் சொன்னதுதானே?"

"ஓ, பாத்துட்டியா? டைரக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"ஸ்கூல்லயும் சிரிச்சிருப்பாங்க. அதான் உள்ள சுருண்டு கிடக்கா."

"அவ பேரையா போட்டேன்? யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்க பேரு டைட்டில்ல ஓடுதே. அவ க்ளாஸுக்கே தெரியும்."

"அடேங்கப்பா. ஊர்ப் பொண்ணுங்க அழுகையை எல்லாம் கட்டம் போட்டு எண்ணித்தானே நீ டாக்டர் பட்டம் வாங்கின?"

அது சுருக்கென்று தைத்தது. தைத்ததில் கோபம் இன்னும் ஏறியது. அவர் விரல்மேலேயே லேப்டாப்பை அறைந்து மூடினாள்.

"ஏய், என் கைடி!"

"நானும் சிரிச்சேங்க. நான் பெத்தது அழுவுதுன்னு தெரியாம, உக்காந்து சிரிச்சேன்."

"சரி விடு. அடுத்த வாரம் அந்தப் பொண்ணுக்கு நல்லதா ஒரு சீன் வெச்சுடறேன்."

உள்ளே கதவு திறந்தது. மகள் வாயைப் பொத்தியபடி நின்றாள். அதைப் பார்த்ததும், அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுங்கிய சொல் வெளியே வந்தது.

"எங்களை எழுதாதீங்க. அவ சொன்னதையோ, நான் சொன்னதையோ, இனிமே ஒரு வரிகூட எழுதாதீங்க."