தரைக்குக் கீழே பதினோரு ஆண்டுகள்

“இன்னைக்கு ஆட்டுக்கறி சூப்பா?” என்று சமையலறைத் தரைக்குக் கீழிருந்து கேட்டான் ஹியால்மர்.

“ஆமா. உனக்குப் பிடிக்காத கேரட்டும் போட்டிருக்கேன். குழாய்ல அடைச்சுதுன்னா ஊதித் தள்ளு,” என்றாள் வீட்டுக்காரி க்ரோவா.

“போன வீட்டுல கிழங்கே வேகலை.”

“பாரேன், பாறைக்குள்ள கிடந்துகிட்டு குத்தம் சொல்றதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல!”

அவன் மனைவி ஸ்டெயின்வோர் சிரிக்கவில்லை. தரையில் துளைத்த குழாயருகே மண்டியிட்டு, கரண்டி கரண்டியாகச் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. க்ரோவாவின் வீட்டுக்கு அப்பால் வேறு வீடு கிடையாது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பரில், மலை மேய்ச்சலிலிருந்து ஆடுகளை ஓட்டி வந்தபோது ஒன்று குறைந்தது. பக்கத்துப் பண்ணையின் ஆடு. அடுத்தவர் ஆட்டைப் பனிக்கு விட்டுவிட்டு வந்தவன் என்ற பெயர் ஐஸ்லாந்தில் பேரப்பிள்ளைகள் காலம் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே எரிமலைப் பாறைவெளியில் ஒரு குகையின் கூரை இடிந்திருந்த பொத்தல் வழியாக ஹியால்மர் கயிற்றில் இறங்கினான். ஆடு உயிரோடு நின்றது. அதைக் கட்டி மேலே அனுப்பினான். கயிறு அவனுக்காகத் திரும்பி வருவதற்குள் குகைக்குள் நான்கு அடி எடுத்துவைத்திருந்தான். அந்த நான்கு அடியைத் திரும்பி வைக்க அவனால் முடியவில்லை.

ரெய்க்யாவிக்கிலிருந்து ஹுல்டா என்ற நிலவியல்காரி வந்தாள். “பால் ஆறும்போது மேல ஆடை படியுதுல்ல, அதே மாதிரிதான். நெருப்புக் குழம்பு ஆறா ஓடுது. மேல்பக்கம் குளிர்ந்து கெட்டியாயிடும். உள்ள மட்டும் சூடு குறையாம ஓடிக்கிட்டே இருக்கும். மலை கக்குறதை நிறுத்தினதும் உள்ள இருந்தது வடிஞ்சு போயிடும், வெறும் குகை மிஞ்சும்,” என்று ஸ்டெயின்வோருக்கு விளக்கினாள். குழம்பின் மட்டம் இறங்க இறங்கச் சுவரில் படிந்த விளிம்புகளையும், கூரையில் சொட்டி உறைந்த கல்விழுதுகளையும் விளக்கடித்துக் காட்டினாள். எல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோனது என்றாள்.

“முடிஞ்சுதா? என் தலைக்கு மேல இன்னும் சொட்டுது, வந்து பாரு,” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

உண்மையில் குகை ஹியால்மர் நின்ற இடத்தோடு முடிந்தது. அவனுக்கு முன்னால் தோண்டினால் திடப்பாறை, பின்னால் தோண்டினால் குகை. தூங்கினாலும் விழித்தாலும் தரை அவனை நாளுக்குப் பத்துத் தப்படி சுமந்துபோனது, குழம்பு ஓடிய திசையிலேயே. குழம்பு என்றைக்கும் மேட்டை நோக்கி ஓடியதில்லை. குகைக்குள் அவனைத் தொடர்ந்து போனவர்கள் இருபதடி நெருங்கியதும் காற்று கொதித்தது; வீசிய கயிறு பொசுங்கியது. அவனுக்கு மட்டும் அது அடுப்படிச் சூடுதானாம். மூன்று முறை முயன்ற ஸ்டெயின்வோருக்குப் புருவங்கள் போயின, பிறகு முளைக்கவில்லை. மேலிருந்து கை நுழையும் துளை போட ஒரு மணி நேரம் பிடித்தது, ஆள் நுழையும் துளைக்கு ஒன்பது நாள். பத்தாம் நாள் பார்த்தால் அவன் தொண்ணூறு தப்படி தள்ளிப் போயிருப்பான். முதல் ஆண்டில் இருபத்தேழு பள்ளங்கள் தோண்டினார்கள். இரண்டாம் ஆண்டில் நான்கு. ஹுல்டா ஆண்டுதோறும் வந்து அளந்தாள். குகை மூன்று கிலோமீட்டர் கூடியிருப்பதைக் கண்டு, முந்தைய அளவீட்டில் பிழை என்று எழுதிவிட்டுப் போனாள்.

ஸ்டெயின்வோர் ஒரு பழைய கேரவனை வாங்கி, தினமும் காலையில் டிராக்டரால் பத்துத் தப்படி இழுத்து நிறுத்தி, அவனுக்கு மேலேயே குடியிருந்தாள். அவன் போன வழியெங்கும் ஜனவரியிலும் பனி உருகிப் புல் பச்சையாக இருந்தது. ஆடுகள் வரிசையாக நின்று மேய்ந்தன. அவன் தங்கள் வீட்டுக்கடியில் வரும் நாளில் பண்ணைக்காரர்கள் சூப் வைத்தார்கள், சூடான தரையில் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டார்கள். தேவாலயத்தில் அவனுக்காகச் செய்த பிரார்த்தனை எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் வட்டாரமே ஒற்றுமையாக இருந்தது. இன்னும் எத்தனை பண்ணை என்று அவன் கேட்டால், “நிறைய இருக்கு,” என்று எல்லோரும் சொன்னார்கள். கரையில் அதே கறுப்பு எரிமலைப் பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்க்காதவர் அங்கே இல்லை.

க்ரோவாவின் வாசற்படியிலிருந்து பாறை விளிம்பு வரை ஸ்டெயின்வோர் காலையிலேயே நடந்து எண்ணியிருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு தப்படி. ஒரு மாதமும் ஒரு நாளும்.

மாலைக்குள் அவன் மேற்குச் சுவரோரம் நகர்ந்திருந்தான். க்ரோவா மேஜையை ஒதுக்கிக் கொடுத்தாள். ஸ்டெயின்வோர் அங்கே புதுத் துளை போட்டுக் குழாயை இறக்கினாள்.

“ஸ்டெயின்வோர்.”

“சொல்லு.”

“கடல்காக்கா கத்துது. நேத்தெல்லாம் ஒண்ணு ரெண்டுதான். இன்னைக்கு ஓயவே மாட்டேங்குது.”

க்ரோவா அடுப்புப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்த பாத்திரத்தை மறுபடி துடைத்தாள்.

“க்ரோவா வீட்டுக்கு அப்புறம் யாரு வீடு? மத்தவங்க சொல்ற மாதிரி சொல்லாதே. நீ சொல்லு.”