தண்ணீர் இல்லாத தலைநகரம்

வெர்னா லிண்ட்குவிஸ்டுக்கு அந்த நகரத்தைப் பார்த்தாலே கண் எரிந்தது. ஓர்வெத் என்று பெயர். ஹாலிஸ் ட்ரெனரி எழுதும் மாயாஜாலக் கதைகளில் அதுதான் தலைநகரம். மூன்று லட்சம் ஜனம், ஒன்பது கோபுரம், வெள்ளைக்கல் மதில், எல்லாம் ஒரு வறண்ட பீடபூமியின் உச்சியில். பக்கத்து ஆற்றுக்குக் குதிரையில் நாலு நாள் போக வேண்டும்.

முந்தைய புத்தகங்களுக்குப் படம் போட்டவர் மலைகளைக் குத்துமதிப்பாக இறைத்துவிட்டுப் போயிருந்தார். கடைசிப் புத்தகத்துக்கு நம்பும்படியான பெரிய வரைபடம் வேண்டும் என்று பதிப்பகம் வெர்னாவைப் பிடித்தது. மலை எங்கே மழையை மறிக்கும், வண்டல் எங்கே சேரும், மாட்டுவண்டி எந்தக் கணவாயில் ஏறும் என்று பார்த்துப் பார்த்துத்தான் அவள் ஊர் வைப்பாள். பிழைப்பும் அதுதான், பித்தும் அதுதான்.

ஓர்வெத்துக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. மலையிலிருந்து கால்வாய் இழுத்தாள். இரண்டாம் புத்தகத்தில் எதிரிகள் ஒரு வருஷம் முற்றுகையிட்டும் ஊர் தவிக்கவில்லையே, கால்வாய் இருந்தால் முதல் வாரமே உடைத்திருப்பார்களே என்று ஹாலிஸ் திருப்பி அனுப்பினார். குளம் வெட்டினாள். ஐந்தாம் புத்தகத்தில் அதே இடத்தில் குதிரைப்படை மோதியிருந்தது.

நவம்பர் மாதம். அவள் இருந்த ஏரிக்கரை ஊரான டுலூத்தில் குளிர்காற்று ஜன்னலைப் போட்டு ஆட்டியது. வெர்னா வலிக்கிற மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு அவருக்குப் போன் போட்டாள்.

"ஹாலிஸ், என்னால முடியல. இந்த ஊர்ல ஒருத்தர்கூட பல் விளக்க முடியாது."

"மந்திரவாதிங்க இருக்காங்களேம்மா."

"மூணு லட்சம் பேருக்கு தினமும் தண்ணி தூக்கறதுதான் அவங்க வேலையா?"

"நாளைக்கு நேர்லயே வரேன்" என்றார்.

சண்டைக்குத் தயாராகத்தான் அவள் கதவைத் திறந்தாள். வெகுதூரத்திலிருந்து பனியில் காரோட்டி வந்திருந்த மனிதர் சண்டைக்காரராகத் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. வெர்னாவின் கணவன் ஆர்வோ அவரை அடுப்பங்கரையில் உட்காரவைத்துக் காட்டரிசி சூப் ஊற்றிக் கொடுத்தான்.

"முடிவு எழுதியாச்சா?" என்று கேட்டான்.

"எங்கப்பா! ரெண்டு வருஷமா இழுக்குது. எல்லாரும் ஓர்வெத்துக்காக அடிச்சுக்கறாங்க. எனக்கே அந்த ஊர் மேல ஆசை விட்டுப்போச்சு. எவன் ஜெயிச்சா என்னன்னு இருக்கு."

கிண்ணத்தோடு எழுந்து வந்து, வெர்னாவின் மேஜையில் கணினித் திரையிலிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இங்க யாரும் வாழ முடியாது, இல்ல?"

"முடியாது."

"அப்ப போயிட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும். படை வந்து சேருது. கோட்டைக்கதவு திறந்து கெடக்கு. ஊருக்குள்ள ஒரு நாய்கூட இல்ல."

"அந்த முற்றுகையப்போ இருந்தாங்களே?"

"அப்ப கிணத்துல தண்ணி இருந்துச்சு. குடிச்சே தீத்துட்டாங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு அதுதான்.

வெர்னாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது முழுசாக இறங்குவதற்குள் வேறொன்று உறைத்தது.

"ஹாலிஸ், அந்த மூணு லட்சம் பேர் எங்க போனாங்க?"

"அத நீதான் சொல்லணும்."

"அட பாவி மனுஷா!" என்று மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஆர்வோ அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, ஹாலிஸுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினான்.

பதிப்பகம் முணுமுணுத்தது, புத்தகம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. வெர்னா கிழக்குப் பாதியை அப்படியே அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். குளிர்காலம் முழுக்க அந்த ஜனத்தை மேட்டிலிருந்து இறக்கினாள். ஆற்றோரம் சின்னச் சின்ன ஊர்கள், ஓடத்துறைகள், களிமண் கிடைத்த இடத்தில் செங்கல் சூளை, வெள்ளம் ஏறாத மேட்டில் களஞ்சியம். உடம்பு ஓய்ந்துபோனது, ஆனால் கை முரண்டு பிடிக்கவில்லை. 'நான் ஏன் இங்கே இருக்கிறேன்' என்று எந்த ஊரும் அவளிடம் கேட்கவில்லை.

மார்ச்சில் ஒரு மத்தியானம் படத்தை அனுப்பினாள். சூடாறுவதற்குள் ஹாலிஸ் கூப்பிட்டார்.

"பிரமாதம் வெர்னா. ஆத்து வளைவுல ஒரு குட்டி ஊர் வெச்சிருக்கியே, பேரே போடலியே?"

"நீங்களே ஒண்ணு வைங்க, ஹாலிஸ். நான் தூங்கப் போறேன்."

அவர் ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். அவளுக்குக் காதில் விழவில்லை. போனைக் கம்பளத்தில் வைத்துவிட்டு, சோபாவில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.